பழைய காரின் சொரசொரப்புப் பூச்சு: கேனா, கன்னா, பவுடரா, தொடாமல் விடுவதா?

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்கும்போது பாடி கலருக்குப் படும் கவலையில் கால்வாசிகூட நாம் சொரசொரப்பான பாகங்களுக்குப் படுவதில்லை. பாடி கலருக்குக் குறியீட்டு எண் இருக்கிறது. அதைப் பார்த்துக் கலந்து கொடுக்க ஆளும் இருக்கிறார்கள். வால்வு கவரின் மேல் சுருங்கிக் கிடந்த கறுப்புக்கோ, டிக்கிக்குள் தெறித்திருந்த இரட்டை நிறப் புள்ளிகளுக்கோ, கதவுக்குக் கீழே கைக்கு நெருடும் பட்டைக்கோ அப்படி எந்த எண்ணும் கிடையாது. வண்டி கிட்டத்தட்ட முடிந்து, பளிச்சென்ற பெயிண்டுக்கு நடுவில் இந்தப் பாகங்கள் மட்டும் மொட்டையாக நிற்கும்போதுதான் கேள்வி எழுகிறது: ஸ்ப்ரே கேன் போதுமா, கன்னால் அடிக்க வேண்டுமா, பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிடலாமா?

எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. தொழிற்சாலையில் அந்தச் சொரசொரப்பு எந்த விதத்தில் உண்டானதோ, அதே விதத்தில் உண்டாக்கும் வழிதான் பெரும்பாலும் சரியாக வரும். பெயிண்டே சுருங்கியதால் வந்த சொரசொரப்பை மணல் கலந்த பெயிண்டால் கொண்டுவரப் பார்த்தால், எவ்வளவு நேர்த்தியாக அடித்தாலும் தெரிந்தவர் கண்ணில் மாட்டும்.

## முதலில் எந்த வகை என்று பிரிப்போம்

சுருக்கப் பூச்சு, அதாவது ரிங்கிள் பெயிண்ட். டங் எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட பெயிண்டில், மேற்பரப்பை மட்டும் முந்திக்கொண்டு உலரவைக்கும் கோபால்ட் உலர்த்தி சேர்த்திருப்பார்கள். மேலே தோல் கட்டிவிடும், அடியில் இன்னும் ஈரம் இருக்கும். அந்தத் தோல் விரிந்து, போக இடமில்லாமல் மடிந்து மடிந்து சுருங்கும். 1950, 60களின் ஃபெராரி வி12 இன்ஜின்களின் கேம் கவர்களில் இருந்த கறுப்பு இந்த வகைதான். 1962-இல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் இரும்பு டேஷ்போர்டும் அதே.

தெறிப்புப் பூச்சு. அமெரிக்கக் கார்களின் டிக்கிக்குள் காண்பது. ஒரே பெயிண்டுக்குள் இரண்டு மூன்று நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் துளித்துளியாக மிதக்கும். அடிக்கும்போது துளிகள் தனித்தனியே போய் ஒட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் கறுப்பும் நீலப்பச்சையும், சாம்பலும் வெள்ளையும் என்று ஜோடிகள் ஆண்டுக்கும் ஆலைக்கும் ஏற்ப மாறின.

நுண்மணல் மேட் பூச்சு, அதாவது பளபளப்பில்லாதது. கண் கூசாமல் இருக்க டேஷ்போர்டின் மேற்பகுதியிலும் ஸ்டீயரிங் தண்டிலும் சில பானட்டுகளிலும் அடித்தது. 1970 பிளிமத் ஏஏஆர் குடாவின் பானட்டில் இருக்கும் கறுப்பு ஆர்கனோசால் இதற்குப் பேர்போன உதாரணம். பிவிசி பிளாஸ்டிக் துகள்களைக் கரைப்பானிலும், பிளாஸ்டிக்கை இளக்கும் பிளாஸ்டிசைசரிலும் மிதக்கவிட்டு, அடித்தபின் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கிற பெயிண்ட் அது.

கல்லடித் தடுப்பு. சில் (கதவுக்குக் கீழே ஓடும் பட்டை), வீல் ஆர்ச், வண்டியின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தடிமனான ரப்பர் தன்மையுள்ள பூச்சு. சில கார்களில் அதன் மேல் பாடி கலரும் ஏறியிருக்கும்.

அச்சில் வந்த பொரிப்பு. இது பூச்சே அல்ல. பிளாஸ்டிக் வார்க்கும் அச்சிலேயே அரித்து எடுத்த தோல் போன்ற வடிவம். இதைப் பெயிண்டால் உண்டாக்க முடியாது. காப்பாற்றலாம் அல்லது அச்செடுக்கலாம், அவ்வளவுதான்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் முதலில் பார்ப்பது சுருக்கத்தின் அளவையும் புள்ளியின் அளவையும். நான் முதலில் பார்ப்பது பளபளப்பு. பானட்டைத் திறந்தவுடன் நான்கடி தூரத்திலிருந்து கண்ணில் படுவது அதுதான். சுருக்கத்தின் அளவு குனிந்து பார்த்தால்தான் தெரியும். நிறத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலும் சொரசொரப்பின் குட்டி நிழல்கள் அதை மறைத்துவிடும். பளபளப்பு வித்தியாசத்தை எதுவும் மறைக்காது. பெயிண்ட் கடைக்காரரிடம் பளபளப்பை அளக்கும் 60 டிகிரி கிளாஸ் மீட்டர் இருந்தால் எண்ணாகவே ஒப்பிடலாம். இல்லாவிட்டால் பழைய பாகத்தையும் சோதனைத் தகட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள்.

அடுத்தது வடிவம்: மேட்டுக்கும் மேட்டுக்கும் உள்ள இடைவெளி, ஆழம், விளிம்புகளில் அது எப்படி மெலிகிறது என்பது. அப்புறம் தாங்கும் திறன். இன்ஜின் சூடு, எண்ணெய், பிரேக் திரவம், கல் என்று இடத்துக்கு ஒரு எதிரி உண்டு. கிளைகால் வகை பிரேக் திரவம் பெரும்பாலான பெயிண்டைக் கழற்றிவிடும் என்பதால், மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்துப் பாகத்தைத் தனியாக யோசிக்க வேண்டும்.

பலரும் மறக்கிற அளவுகோல் திரும்பிப் போகும் வழி. பிடிக்காவிட்டால் உரித்துவிட்டு மறுபடி செய்ய முடியுமா? உரிக்கும்போது பாகத்துக்குச் சேதம் வருமா? இதோடு சேர்ந்ததுதான் பாகம் என்ன உலோகம் என்பதும். துத்தநாக வார்ப்பு, ஈயப்பற்று வைத்த தகடு, பட்டி பார்த்த இடம், பிளாஸ்டிக் ஆகியவை எல்லாச் சூட்டையும் தாங்காது.

கடைசியாக, எதற்காக இந்த வண்டி. ஓட்டுவதற்கா, நடுவர்கள் முன்னால் நிறுத்துவதற்கா? அமெரிக்காவின் நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகள் வண்டி ஆலையை விட்டு வந்தபோது எப்படி இருந்திருக்குமோ அதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகின்றன. ஆலையில் அரைகுறையாக அடித்த இடத்தில் நீங்கள் அழகாக அடித்தால் அங்கே அது குறைதான். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும் காப்பாற்றுவதைத்தான் முன்வைக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் சாட்சி வேண்டும். உரிப்பதற்கு முன்னால் சாட்சியைச் சேகரித்துவிடுங்கள். பிராக்கெட்டுக்கு அடியில், ஸ்டிக்கருக்குக் கீழே, டிக்கி விரிப்புக்கும் ஸ்பேர் வீலுக்கும் அடியில், டேஷ்போர்டின் மடிந்த விளிம்பில் பூச்சு வெயில் படாமல் அப்படியே இருக்கும். அந்த இடத்தை அளவுகோல் ஒன்றை வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள். பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் சிலிகான் பசை கொஞ்சம் கிடைத்தால் சொரசொரப்பை அப்படியே அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். மணலை வீசிப் பெயிண்டை உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங்குக்குப் போய் வந்தபின் இதில் எதையும் செய்ய முடியாது.

## வழி ஒன்று: பழையதைத் தொடாமல் காப்பாற்றுவது

யாரும் இதை ஒரு வழியாகவே நினைப்பதில்லை, ஆனால் நிஜமான தொழிற்சாலைப் பூச்சு என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். பல நேரம் போய்விட்டது என்று நாம் நினைக்கிற பூச்சு போயிருக்காது. சுருக்கங்களுக்குள் எண்ணெயும் தூசியும் கெட்டியாகி அடைத்திருக்கும். மென்மையான சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், பொறுமை போதும். எந்தத் திரவமாக இருந்தாலும் மறைவான இடத்தில் முதலில் தடவிப் பார்க்க வேண்டும்.

சின்னச் சிராய்ப்புகளை மேட் பெயிண்டை நீர்க்க வைத்து, நுனி கூரான பிரஷால் குத்திக் குத்தி நிரப்பலாம். தெறிப்புப் பூச்சில் காணாமல் போன இடத்துக்கு, பல் துலக்கும் பிரஷை நனைத்து விரலால் இழுத்துத் தெறிக்கவிட்டால் சுற்றியுள்ள புள்ளிகளோடு நன்றாகவே கலந்துவிடும். சுற்றிலும் மறைத்துக்கொண்டு செய்ய வேண்டும், ஒவ்வொரு நிறமாக.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, அடியில் துரு ஓடிக்கொண்டிருந்தால் காப்பாற்றியதாக நினைத்ததைத் துரு தின்றுகொண்டிருக்கும். தடிமனான கல்லடிப் பூச்சுக்கு அடியில் இது வெளியே தெரியவே தெரியாது. ஓரத்தில் கொஞ்சம் தூக்கிப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. இன்னொன்று, பளபளப்பூட்டும் சிலிகான் டிரெஸ்ஸிங். டேஷ்போர்டு பளிச்சென்று ஆகட்டும் என்று அதைத் தடவிவிட்டால், பிற்பாடு அங்கே பெயிண்ட் அடிக்கும்போது மீன்கண் மீன்கண்ணாகக் குழிகள் விழும். அந்த எச்சத்தை முழுவதும் எடுப்பது பெரும்பாடு. மெழுகும் வேண்டாம், சுருக்கங்களுக்குள் வெள்ளையாகத் தங்கிவிடும்.

பூச்சின் பெரும்பகுதி நன்றாக இருந்து, வண்டியின் மற்ற பாகங்களும் வயதுக்கேற்ற தோற்றத்தில் இருந்தால் இதுதான் முதல் தேர்வு. சுற்றியுள்ள எல்லாமே புத்தம் புதிதாக இருந்தால் மட்டும் இந்தப் பாகம் அழுக்காகத் தெரியும்.

## வழி இரண்டு: ஸ்ப்ரே கேன்

கேனை மட்டமாகப் பார்க்கும் பழக்கம் உண்டு. சுருக்கப் பூச்சைப் பொறுத்தவரை அது தேவையில்லாத அலட்சியம். கேனில் வரும் ரிங்கிள் பெயிண்டும் அதே விதத்தில்தான் சுருங்குகிறது: மேல் தோல் முந்திக்கொள்ளும், அடி பின்தங்கும். வால்வு கவர், ஏர் கிளீனர் மூடி, ஹீட்டர் பெட்டி போன்ற கைக்கடக்கமான பாகங்களுக்கு நான் கேனைத்தான் சொல்வேன்.

விளைவைத் தீர்மானிப்பது மூன்று: தடிமன், கோட்டுகளுக்கு நடுவில் விடும் நேரம், சூடு. வழக்கமான பெயிண்டுக்கு மெல்லிசாக அடி என்பார்கள். இதற்கு நேர்மாறு: கனமாக அடிக்க வேண்டும், ஓடாத அளவுக்கு. முதல் கோட் குறுக்காக, அடுத்தது நெடுக்காக, மூன்றாவது மூலைவாட்டில், நடுவில் சில நிமிட இடைவெளி. தடிமன் கூடினால் சுருக்கம் பெரிதாகும். குறைந்தால் நுண்ணியதாகும், ரொம்பக் குறைந்தால் சுருங்கவே சுருங்காது. அதனால்தான் விளிம்பிலும் ஆணி ஓட்டையைச் சுற்றியும் மொட்டையாக நிற்கும். அங்கே முதலில் ஒரு சுற்று அடித்துக்கொள்வது நல்லது. பாகம் கிடைமட்டமாக இருக்க வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் பெயிண்ட் கீழே இறங்கி, மேல்பக்கம் நுண்ணியதும் கீழ்ப்பக்கம் பருமனுமாக ஆகிவிடும்.

சூடு காட்டாமல் விட்டாலும் சுருங்கும், ஆனால் திட்டுத் திட்டாக. சூட்டு விளக்கோ ஹீட் கன்னோ வைத்து இதமாகச் சூடேற்றினால் ஒரே சீராக வரும். கடினமாக இறுகுவதற்குப் பல பெயிண்டுகளுக்குக் கிட்டத்தட்ட 90 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வரை தேவைப்படும். டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள். சமையல் அவனில் வைக்காதீர்கள், அந்த ஆவி உணவுக்கு ஆகாது.

சோதனை செய்யும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மெல்லிய தகட்டில் அடித்துப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தடித்த அலுமினிய வார்ப்பில் அடித்தால் அதே சுருக்கம் வராது. வார்ப்பு சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். சோதனைத் துண்டும் ஏறக்குறைய அதே தடிமனில், அதே உலோகத்தில் இருக்க வேண்டும். வார்ப்பு என்றால் அடிப்பதற்கு முன் லேசாகச் சூடாக்கிக்கொண்டால் நல்லது. உள்ளே ஊறிய எண்ணெயும் அப்போது வெளியே வந்துவிடும்.

கேன் தடுமாறும் இடங்களும் உண்டு. டிக்கி முழுவதும் அடிக்கக் கேனில் வரும் தெறிப்புப் பெயிண்ட் சிரமம். புள்ளியின் அளவை மாற்ற வழியில்லை, கேன் தீரும் தறுவாயில் தெறிப்பும் மாறிவிடும், ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் நிற விகிதம் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. கல்லடிப் பூச்சிலும் கேனில் கிடைப்பது பொதுவாக மெல்லிய படலம்தான்.

மறைமுகச் செலவு, சொதப்பினால் வருவது. பாதி சுருங்கி பாதி வழவழவென்று நின்றுவிட்டால் மேலே இன்னொரு கோட் போட்டுச் சரிசெய்ய முடியாது. முழுக்க உரிக்க வேண்டும். பள்ளங்களிலிருந்து பெயிண்டை எடுக்க ரிமூவர், பிரஷ், மறுபடி ரிமூவர் என்று பொழுது போகும். சோதனைக்கே கேன் காலியாகும் என்பதால் ஒரே லாட்டில் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

## வழி மூன்று: ஸ்ப்ரே கன்

கன்னின் பலம், கட்டுப்பாடு உங்கள் கையில் இருப்பது. முனையின் அளவு, காற்றழுத்தம், தூரம் மூன்றையும் மாற்றி மாற்றி, பழைய மாதிரிக்குப் பக்கத்தில் வந்து சேரலாம். அழுத்தம் குறைந்தால் துளி பெரிதாகும், கூடினால் நுணுகும். தூரம் கூடினால் துளி வழியிலேயே பாதி உலர்ந்து விழும், சொரசொரப்பு முள்ளாக நிற்கும்.

தெறிப்புப் பூச்சுக்கு இதுதான் சரியான வழி என்று தயங்காமல் சொல்வேன். டப்பாவாக வரும் பல்நிறப் பெயிண்டைப் பெரிய முனையும் குறைந்த அழுத்தமும் வைத்து அடிக்க வேண்டும். டப்பாவை மெஷினில் போட்டுக் குலுக்காதீர்கள். மெதுவாகக் குச்சியால் கிளறுங்கள். பலமாகக் குலுக்கினால் நிறத் துளிகள் உடைந்து எல்லாம் சேர்ந்து சேற்று நிறமாகும். வடிகட்டவும் கூடாது, வடிகட்டியில் நிற்பதுதான் உங்கள் புள்ளிகள். பெரும்பாலும் நீர் கலப்பு என்பதால் வெற்று இரும்பின் மேல் நேரடியாக அடித்தால் உடனே துரு பூக்கும். நல்ல எபாக்சி பிரைமர் அடியில் வேண்டும்.

அடிக்கும் அழகையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஆலைத் தொழிலாளி டிக்கிக்குள் கையை விட்டு வேகவேகமாக வீசிவிட்டுப் போனார். மூலைகளில் மெலிந்திருக்கும், ஓரத்தில் பாடி கலரின் தூவல் படிந்திருக்கும். நம் ஆட்கள் சுவருக்கு அடிப்பதுபோல் ஒரு அங்குலம் விடாமல் நிரப்பிவிடுகிறார்கள். தெறிப்பின் மேல் கிளியர் கோட் அடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஓட்டும் வண்டிக்கு மேட் கிளியர் அடித்தால் ஈரத்தையும் உரசலையும் தாங்கும், கெடுதல் இல்லை. நடுவர் முன்னால் போகிற வண்டி என்றால் வேண்டாம். பளபளப்பு காட்டிக் கொடுத்துவிடும்.

கல்லடிப் பூச்சுக்கு புட்டியில் மாட்டி அடிக்கும் தனிக் கன் உண்டு. இங்கே பெரிய பொறி, எந்த மருந்தை வாங்குகிறீர்கள் என்பது. தார் கலந்த பழைய மாதிரிப் பூச்சின் மேல் பாடி கலர் அடித்தால், நாளடைவில் தாரின் பழுப்பு மேலே கசிந்து வரும். மேலே பெயிண்ட் ஏற வேண்டிய சில் பட்டைக்கு, பெயிண்ட் அடிக்கத் தகுந்தது என்று தெளிவாகப் போட்டிருக்கும் பாலிமர் பூச்சுதான். பட்டையின் மேல்கோட்டில் ஆலை எப்படி நிறுத்தியது என்பதையும் பாருங்கள்: டேப் ஒட்டிக் கூர்மையாகவா, தூவலாக மங்கியா? பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுக்காவிட்டால் ஓரம் கிழிந்து வரும்.

நுண்மணல் மேட் பூச்சுக்கு, மேட் பெயிண்டில் டெக்ஸ்சர் துகள் கலந்து அடிப்பது வழக்கம். ஆர்கனோசாலுக்கு மட்டும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அசல் பெயிண்ட் சூட்டில் உருகிப் படிந்தது. இன்றைக்கு நாம் அடிப்பது அதைப் போலத் தெரிகிற வேறொன்று. எட்ட நின்று பார்த்தால் ஒன்றாக இருக்கும், தடவிப் பார்த்தால் இருக்காது. துகள் கப்பின் அடியில் தங்கிவிடும் என்பதால், நடுநடுவே கப்பை ஆட்டாமல் விட்டால் பானட்டின் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் ஆகிவிடும்.

மறைமுகச் செலவு இந்த வழியில்தான் அதிகம். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி, தனியாக ஒரு கன் (துகளும் ரப்பரும் போன கன்னில் பாடி கலர் அடிக்க மனம் வராது), மாஸ்கிங், சுத்தம் செய்யத் தின்னர். இரண்டு பாகப் பெயிண்ட் என்றால் பெரும்பாலும் அதில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கும். சாதாரண கரி வடிகட்டி முகமூடியை நம்பக் கூடாது, வெளியிலிருந்து காற்று தரும் கவசம்தான் சரி. உரிக்கும் வேலையும் இதே போலத்தான்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பழைய அடிப்பூச்சுகள் சிலவற்றில் அஸ்பெஸ்டாஸ் நாரும் கலந்திருந்தது. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

## வழி நான்கு: பவுடர் கோட்டிங்

பெயிண்டைப் பவுடராகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது இது. பார்க்கச் சீராக இருக்கும், கெட்டியாக இருக்கும், எண்ணெய்க்கும் உரசலுக்கும் அசராது. சுருக்கம், நுண்மணல் என்று டெக்ஸ்சர் பவுடர்கள் நிறையவே வந்துவிட்டன. அடித்துச் சுட வேண்டியது 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை.

பிரச்சினை அந்தச் சூட்டில் தொடங்குகிறது. துத்தநாக வார்ப்பும் துளை நிறைந்த பழைய அலுமினிய வார்ப்பும் உள்ளே சிக்கிய காற்றைச் சூட்டில் வெளியே விடும். பூச்சில் ஊசிமுனை ஓட்டைகளும் கொப்புளங்களும் வரும். முன்கூட்டியே ஒரு முறை வெறுமனே சுட்டு எடுத்தால் குறையும், முழுக்க நிற்கும் என்று சொல்ல முடியாது. ஈயப்பற்று இளகிவிடும், சாதாரணப் பட்டி நிற்காது, பிளாஸ்டிக்கும் ரப்பர் புஷ்ஷும் கேள்வியே இல்லை.

இரண்டாவது, தடிமன். மரையிலும் கேஸ்கெட் உட்காரும் முகத்திலும் பவுடர் ஏறினால் பாகம் சரியாகப் பொருந்தாது. அடைப்பான்கள் வைத்து மறைக்கச் சொல்லி, எங்கெங்கே என்று பாகத்திலேயே குறித்துக் கொடுங்கள். கடையில் நாள்முழுக்க இரும்புக் கேட்டுகளையும் ஜன்னல் கம்பிகளையும் சுடுபவருக்கு உங்கள் கேம் கவரின் கேஸ்கெட் முகம் தானாகத் தெரியாது.

மூன்றாவது, அசல் தோற்றம். எண்ணெய்ப் பெயிண்டின் சுருக்கம் இடத்துக்கிடம் மாறும், ஓட்டம் இருக்கும். பவுடரின் சுருக்கம் எங்கே பார்த்தாலும் ஒன்றுபோல் இருக்கும். பளபளப்பும் பவுடரோடு வருவதுதான், நினைத்தபடி குறைக்க முடியாது. பெரிய நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும் நிறங்களுக்குள்தான் தேட வேண்டும்.

திரும்பிப் போகும் வழியில் இதற்குத்தான் கடைசி இடம். கீறல் விழுந்தால் தொட்டுச் சரிசெய்ய முடியாது. உரிக்க வேண்டுமானால் பலமான ரிமூவரோ, சுட்டு எரிப்பதோ, பிளாஸ்டிங்கோ. மெல்லிய தகடு அதில் நெளியலாம். ஆனாலும் பேட்டரி தட்டு, பிராக்கெட்டுகள், வண்டிக்கு அடியில் யார் கண்ணிலும் படாத சட்டங்கள், தினமும் ஓடுகிற வண்டியின் இன்ஜின் பாகங்கள் என்று வந்தால் பவுடரை நான் எதிர்க்க மாட்டேன். அங்கே உழைப்புதான் முக்கியம்.

## அச்சில் வந்த பொரிப்புக்கு மட்டும்

1966 ஃபோர்டு மஸ்டாங்கின் மீட்டர் விளிம்பில் இருக்கும் கேமரா உறைத் தோல் போன்ற பொரிப்பை எந்தப் பெயிண்டும் தராது. பொரிப்பு உயிரோடு இருந்தால் பிளாஸ்டிக்குக்கான சாயப் பெயிண்டை மெல்லிசாக, நிறம் மாறும் அளவுக்கு மட்டும் அடிக்கலாம். இரண்டு கனமான கோட் போட்டால் பொரிப்பு அடைந்துவிடும். விரிசலை ஒட்டி நிரப்பிய இடம் மொட்டையாக நிற்கும். அங்கே நல்ல இடத்திலிருந்து சிலிகானில் அச்செடுத்து, ஈரமான நெகிழ் நிரப்பியில் அழுத்தி எடுத்தால் சின்ன இடத்துக்குத் தப்பிக்கலாம். பாதிக்கு மேல் போய்விட்டால், புதிதாக வார்த்த மாற்றுப் பாகத்தின் பொரிப்பை அசலோடு வைத்துப் பார்த்து வாங்குவதுதான் மிச்சம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | காப்பாற்றுதல் | ஸ்ப்ரே கேன் | ஸ்ப்ரே கன் | பவுடர் |
|---|---|---|---|---|
| பளபளப்பு பொருத்தம் | அசலே | பெயிண்டைப் பொறுத்தது | சரிசெய்துகொள்ளலாம் | மாற்ற முடியாது |
| சுருக்க வடிவம் | அசலே | மிக நெருக்கம் | நெருக்கம் | மிகச் சீராக, வேறாக |
| தெறிப்பு வடிவம் | அசலே | சின்ன இடத்துக்கு | மிக நெருக்கம் | பொருந்தாது |
| கல்லடிப் பூச்சு | துரு இல்லாவிட்டால் | மெலிவு | சரியான வழி | தோற்றம் வேறு |
| எண்ணெய், உரசல் | வயதைப் பொறுத்தது | சுட்டால் பரவாயில்லை | பெயிண்டைப் பொறுத்தது | மிக நன்று |
| தேவைப்படும் சூடு | இல்லை | சுருக்கத்துக்கு 90 டிகிரி வரை | பெரும்பாலும் இல்லை | 180–200 டிகிரி |
| திரும்பிப் போகும் வழி | முழுதாக உண்டு | உண்டு, சிரமம் | உண்டு, சிரமம் | மிகக் கடினம் |
| மறைந்திருக்கும் செலவு | நேரம், அடித் துரு | சோதனைக் கேன்கள், உரிப்பு | கருவி, கவசம், மாஸ்கிங் | மரை, கேஸ்கெட் முகம், நெளிவு |

## தடுமாற்றம் வரும் இடங்கள்

சுருக்கப் பூச்சு உள்ள பெரிய டேஷ்போர்டு ஒரு சங்கடமான கேஸ். கேனின் தெளிப்பு அகலம் அதற்குப் போதாது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வருவதற்குள் முதல் பக்கம் தோல் கட்டிவிடும், நடுவில் கோடு தெரியும். டப்பாவில் வரும் ரிங்கிள் பெயிண்டை கன்னில் ஊற்றி, சூட்டு பூத் உள்ள பட்டறையில் அடிக்கக் கொடுப்பதுதான் சரி. டேஷ்போர்டில் பட்டியோ ஈயப்பற்றோ இருந்தால் பவுடர் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

எழுத்தோ கோடுகளோ புடைத்திருக்கும் வால்வு கவரில், பூச்சு இறுகியபின் அந்தப் புடைப்புகளை மட்டும் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்த்து உலோகம் தெரியும்படி எடுப்பார்கள். கேன் பூச்சில் இது சுலபம். பவுடர் என்றால் தேய்த்த ஓரம் சிலசமயம் செதில் விடும். இறுகுவதற்கு முன்பே அவசரப்பட்டால் தாள் அடைத்து, சுருக்கத்தின் மேல் பெயிண்டை இழுத்துப் பூசிவிடும்.

நிறம் கிடைக்காதபோது, கறுப்பு ரிங்கிளை அடித்து இறுகவிட்டு, மேலே வேண்டிய நிறத்தில் மெல்லிசாக ஒரு கோட் தூவலாம். சுருக்கத்தின் கூர்மை கொஞ்சம் மழுங்கும் என்பதால் அடியில் ஒரு அளவு பருமனாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பெயிண்டும் ஒத்துப்போகிறதா என்று சோதனைத் துண்டில் பார்க்காமல் பாகத்தில் கைவைக்காதீர்கள்.

ஜோடியாகக் கண்ணில் படும் பாகங்களை வெவ்வேறு வழியில் செய்யக் கூடாது. இரண்டு வால்வு கவரில் ஒன்று நன்றாக இருக்கிறது, இன்னொன்று போய்விட்டது என்றால், நல்லதைக் காப்பாற்றிவிட்டு மற்றதை மட்டும் அடிக்கலாம் என்றுதான் தோன்றும். புதியதைப் பழையதன் பளபளப்புக்குக் கொண்டுவர முடிந்தால் செய்யுங்கள். சோதனைத் துண்டில் அது வரவில்லை என்றால், நல்லதைத் துடைத்து மாதிரியாக எடுத்து வைத்துவிட்டு, வேறு ஒரு பழைய கவரைத் தேடிப் பிடித்து, இரண்டையும் ஒரே லாட் பெயிண்டில் ஒரே நாளில் அடிப்பது மேல்.